கொறங்காட்டில் இறங்கப் போகிறவர்களுக்கு

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் தாத்தா காலத்துக் காட்டை மீட்டு இயற்கை விவசாயம் செய்ய வேண்டும் என்று இளம்பிள்ளைகள் பலர் திரும்பி வருகிறார்கள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. வந்ததும் எல்லோரும் கேட்பது, "என்ன பயிர் வைக்கலாங்க?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "காட்டுல புல் இருக்குதா கண்ணு?" என்று.

வருடத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். இந்தப் பூமிக்கு நம் பெரியவர்கள் ஒரு வழி கண்டார்கள். காட்டை நாலைந்து ஏக்கர் துண்டுகளாகப் பிரித்து, சுற்றிலும் கிளுவை வேலி வைத்து, உள்ளே கொழுக்கட்டைப்புல்லை நிலைக்க விட்டு, அங்கங்கே வெள்வேல் மரங்களை வளர விட்டார்கள். அதுதான் கொறங்காடு. மாடும் செம்மறியும் அதில் மேய்ந்தன. அவற்றின் சாணியும் புழுக்கையும் கிணற்றடித் தோட்டத்துக்கும் சோளக்காட்டுக்கும் போயின. புல் மாட்டுக்கு, மாடு எருவுக்கு, எரு பயிருக்கு என்பது இங்கே வரிசை. பயிரில் தொடங்கியவர்கள் இரண்டாம் வருடமே எருவுக்கு லாரி பிடிக்க அலைவதைப் பார்க்கிறேன். ஆகையால் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி புல்லைப் பற்றியே இருக்கும்.

1. முதல் மழைக்காலத்தில் உழ வேண்டாம். காட்டைச் சுற்றி வாருங்கள். கொழுக்கட்டையும் செப்பு நெருஞ்சியும் தென்பட்டால் நிலத்தில் இன்னும் தெம்பு இருக்கிறது. ஆவாரையும் எருக்கும் ஊசிப்புல்லும் பெருகிக் கிடந்தால், அது பல வருடம் அளவுக்கு மீறி மேய்க்கப்பட்ட காடு. மாடு தின்றதெல்லாம் தீர்ந்து, தின்னாதது மட்டும் நிற்கிறது. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். பூத்ததைப் பிடுங்கி எருக்குழியில் போட்டால், எருவோடு அதன் விதையையும் காடெல்லாம் நீங்களே தூவியதாகும். மழை கொட்டும்போதே குடையோடு போய்த் தண்ணீர் எந்த வழியாக வெளியே ஓடுகிறது என்று பார்த்து வையுங்கள். பிறகு வரப்புப் போட வேண்டிய இடம் அதுதான்.

நொய்யலை ஒட்டி நிலம் உள்ளவர்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு மற்றதை யோசியுங்கள். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அந்தக் கேடு முற்றியிருந்தது. உப்பேறிய தண்ணீரைப் பாய்ச்சிவிட்டு எந்த இயற்கை முறையாலும் மண்ணைக் காப்பாற்ற முடியாது.

2. முதல் செலவு வேலிக்கு. கம்பிவேலி சீக்கிரம் முடியும், போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதை ஒட்டியே கிளுவைப் போத்தும் நடுங்கள். மழைக்குச் சற்று முன்னால் நட்டால் வேர் பிடித்துவிடும். கிளுவை முள் ஆட்டை உள்ளேயும் அயல்மாட்டை வெளியேயும் நிறுத்தும், வறண்ட காற்றைத் தடுக்கும், வெள்ளாட்டுக்குத் தழை கொடுக்கும், குருவிக்கும் கீரிக்கும் இடம் கொடுக்கும். பட்டுப்போன இடத்தில் வருடா வருடம் புதுப் போத்து சொருக வேண்டும். வேலியோரத்தில் சீமைக்கருவேலம் முளைத்தால் விரற்கடை இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள்.

பட்டிக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு வேண்டும். சில வருடங்களாகக் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது பெருந்துயரமாகி, விவசாயிகள் வீதிக்கு வந்து போராடினார்கள். இரவில் ஆடு அடைக்கும் இடத்துக்கு, நாய் தாண்டவும் முடியாத, அடியில் பறிக்கவும் முடியாத கம்பிவலை கட்டாயம்.

3. புல்லை எடை போடாமல் மாடு வாங்காதீர்கள். பத்துக் காரியம் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்கக் கூடாது. மார்கழி வாக்கில் புல் முற்றி நிற்கும்போது, நன்றாக உள்ள இடம், சுமாரான இடம், மொட்டையான இடம் எல்லாம் சேரும்படி பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் வைத்து, உள்ளே இருக்கும் புல்லை அறுத்து, சருகாகக் காயவைத்து நிறுங்கள். சராசரி 250 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 4,000 சதுர மீட்டர் என்ற கணக்கில் 1,000 கிலோ காய்ந்த புல். அதில் பாதி நிலத்துக்கு. மீதி 500 கிலோதான் மாட்டுக்கு. மாடு தன் எடையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு காய்ந்த தீனி தின்னும். 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளைக்கு ஏழரைக் கிலோ. அப்படியானால் அந்த ஏக்கர் ஒரு பசுவுக்கு இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். வருடம் முழுக்க மேய்ச்சலிலேயே வைக்க ஐந்தரை ஏக்கர் வேண்டும். சோளத்தட்டு போட்டுப் பாதித் தீனியைச் சரிக்கட்டினால் மூன்று ஏக்கருக்குள் அடங்கும். எட்டுச் செம்மறி தின்பதும் ஒரு பசு தின்பதும் ஏறக்குறைய ஒன்று.

இந்தக் கணக்கைச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் வாடுகிறது. பத்து ஏக்கருக்கு மூன்றே பசுவா என்கிறார்கள். ஆமாம், மூன்றுதான். நல்ல மழை பெய்த வருடத்துப் புல்லைப் பார்த்து மந்தையைப் பெருக்கியவர்கள் எல்லோரும் அடுத்த வருடம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். சுமாரான வருடத்துப் புல் தாங்குகிற அளவுக்கு மாடு வையுங்கள். புல் மிஞ்சுகிற வருடத்தில் ஆட்டுக்குட்டிகளைப் பிடித்து, நாலைந்து மாதம் மேய்த்து விற்றுவிடலாம். குட்டியைக் குறைப்பது சுலபம்; தாய்ப்பசுவை விற்றால் திரும்ப வராது.

4. பாதியைத் தின்னட்டும், பாதி நிற்கட்டும். புல்லின் வேருக்குச் சோறு போடுவது அதன் இலை. பாதி இலை போகும் வரை வேர் வளர்ச்சி அவ்வளவாகத் தடைபடுவதில்லை. அதைத் தாண்டினால் கிடுகிடுவெனக் குறையும்; ஐந்தில் நாலு பங்கு இலை போய்விட்டால் பல நாளைக்கு வேர் வளராமல் நின்றுவிடும். வேர் ஆழம் போகாத புல் பங்குனி வெயிலில் செத்துப்போகும். தரையிலிருந்து பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தூர் நிற்கும்போதே மாட்டை அடுத்த துண்டுக்கு மாற்றிவிடுங்கள்.

அதற்குக் காடு குறைந்தது நாலு துண்டாக இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் படலும் தண்ணீர்த் தொட்டியும் வேண்டும். ஒரு துண்டில் மாடு முதலில் மேயட்டும். அது நாக்கால் சுற்றி உயரமான புல்லை இழுத்துத் தின்னும். பின்னால் செம்மறி போய்க் குட்டையான பூண்டுகளைக் கொறிக்கும். செம்மறியை நாள்கணக்கில் ஒரே துண்டில் விட்டால் தூரையே கடித்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் ஈரம் காய்ந்த பிறகே ஆட்டைத் திறந்துவிடுங்கள். குடற்புழுவின் குஞ்சுகள் ஈரம் இருக்கும்போதுதான் புல் நுனிக்கு ஏறும்.

முதல் மழை விழுந்து காடு பச்சை காட்டியதும் மாட்டை ஓட்டிவிடத் துடிப்போம். அந்த மூன்று நாலு வாரம் பொறுக்க வேண்டும். அந்தப் பச்சை, புல் தன் தூரிலும் வேரிலும் சேர்த்து வைத்ததைச் செலவழித்து விட்ட துளிர். அதைக் கடித்தால் முதலே போச்சு. அந்த நாட்களுக்கென்றே பெரியவர்கள் சோளத்தட்டுப்போரில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பார்கள். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு துண்டை, மழைக்காலம் தொடங்கி விதை உதிரும் வரை திறக்கவே கூடாது. அடுத்த வருடம் வேறு துண்டு.

5. மொட்டையான இடத்தில் கொழுக்கட்டையை விதைக்கலாம். அறுத்த உடனே இந்த விதை முளைக்காது. ஆறேழு மாதம் உறக்கத்தில் இருக்கும். முந்தைய வருடத்து விதையாகக் கேட்டு வாங்குங்கள். ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். பஞ்சு மாதிரி காற்றில் பறக்கும் என்பதால் ஈரமணலில் கலந்து தூவி, முள்ளுக்கொத்தை மேலாக இழுத்தால் போதுமானது. ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே புதைந்த விதை மேலே வராது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நீலக் கொழுக்கட்டையும் இந்த வறட்சிக்கு நிற்கும். கூடவே முயல்மசாலைக் கலந்து விதைத்தால் மண்ணுக்குத் தழைச்சத்தும் ஆட்டுக்குப் புரதமும் கிடைக்கும். அதன் விதைத்தோல் கெட்டி. கொதி தணிந்த 80 டிகிரி சூட்டுத் தண்ணீரில் நாலு நிமிடம் முக்கி எடுத்துப் பிறகு விதையுங்கள். விதைத்த வருடம் ஒரு கால்நடையும் உள்ளே போகக் கூடாது.

6. வெள்வேலை வெட்டாதீர்கள். அதன் நிழல் அடர்த்தியில்லாமல் விழுவதால் அடியில் புல் வளரும். புல் காய்ந்துபோன கோடையில் அதன் காய் உதிரும். அந்த நாட்களில் செம்மறியின் தீனியே அதுதான். தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை விழுந்து தானாக முளைக்கும். முளைத்த கன்றைச் சுற்றி முள் போட்டு வைப்பது ஒன்றுதான் நம் வேலை.

7. பயிர் எத்தனை ஏக்கர் என்பதை எருக்குழி சொல்ல வேண்டும். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்பது பொதுவான பரிந்துரை. ஒரு பசு நாளைக்கு சுமார் 10 கிலோ சாணி போடும். பகலில் விழுவது மேய்ச்சல் நிலத்துக்கே போய்விடும். போகட்டும், அது புல்லின் பங்கு. இரவில் கட்டுத்தரையில் விழுவது ஐந்து கிலோ. வருடத்துக்கு 1,800 கிலோ பச்சைச் சாணி. தீனிக்கழிவு, மூத்திரம் எல்லாம் சேர்ந்து மக்கினால் நல்ல எருவாக ஒரு டன் தேறலாம். மூன்று பசுவுக்கு மூன்று டன். செம்மறிப் பட்டியையும் பயறு வகைகளையும் சேர்த்துக்கொண்டு பார்த்தாலும், பத்து ஏக்கர் வைத்திருப்பவர் ஒன்றரை ஏக்கருக்கு மேல் பயிரில் இறங்கக் கூடாது. மிச்சமெல்லாம் புல்.

அந்த எருவையும் வெயிலில் குமித்து வைத்து அழிக்கிறோம். சத்துள்ள பாகம் ஆவியாகவும் மழைத்தண்ணீரிலும் போய்விடுகிறது. குழிக்கு மேல் ஓலையாவது வேயுங்கள். ஈரம் காயாமல் பாருங்கள். மாடு நிற்கும் தரையில் சருகும் தட்டுச் செத்தையும் பரப்பினால் மூத்திரத்தைக் குடித்துக்கொள்ளும். சாணியைவிட மூத்திரத்தில்தான் தழைச்சத்து அதிகம். சிமெண்டுத் தரை போட்டுச் சாக்கடையில் விடுகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். செம்மறி இருந்தால் படலை இடம் மாற்றி மாற்றி விதைக்கப்போகும் காட்டிலேயே பட்டி போடுங்கள். புழுக்கை காய்ந்து போகும் முன் ஒரு உழவு ஓட்டிவிட வேண்டும். சுமைகூலியும் மிச்சம்.

8. மானாவாரியில் சோளத்தை முதல் பயிராக வையுங்கள். தானியம் நமக்கு, தட்டு மாட்டுக்கு. தனியாக விதைக்காமல் தட்டைப்பயறோ நரிப்பயறோ ஊடே விடுங்கள். கார்த்திகையில் மிச்ச ஈரத்துக்குக் கொள்ளு. கோடை உழவைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டினால் சித்திரை மழை உள்ளேயே இறங்கும். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா தம் வானகம் பண்ணையை அமைக்கக் கரூர் கடவூர்ப் பக்கத்து வறண்ட பூமியைத்தான் எடுத்தார். மழையை நிலத்துக்குள்ளேயே நிறுத்துவது எப்படி என்று பார்க்க விரும்புகிறவர்கள் ஒருமுறை அங்கே போய் வரலாம்.

உயிரைப் பறிக்கிற ஒரு விஷயம் உண்டு, கவனமாகக் கேளுங்கள். மழை இல்லாமல் வாடி நிற்கும் இளஞ்சோளத்திலும், அறுத்த தாளில் விடுகிற மறுதாம்புத் துளிரிலும் சயனைடு நஞ்சு இருக்கும். வேலி தாண்டிப் போன மாடு வயிறு நிறையத் தின்றால் அரைமணி நேரத்தில் மூச்சு வாங்கி விழுந்துவிடும். பூக்கும் வரை பச்சைச் சோளத்தைக் கொடுக்காதீர்கள். அறுத்த காட்டில் மாட்டை விடும் முன் துளிர் இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். அப்படி விழுந்த மாட்டுக்கு நாட்டு மருந்து தேடி நேரத்தைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள்.

9. சாணியும் மூத்திரமும் கலந்து செய்யும் கரைசல்கள் எருவுக்கு மாற்று அல்ல. கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தையும், ஜீவாமிர்தத்தையும் நானும் மதிக்கிறேன். 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் தெளித்தால் பயிரில் தெளிச்சி தெரியும். ஆனால் மக்கிய எருவும் மூடாக்கும் இல்லாத மண்ணில் 200 லிட்டர் பீப்பாய்க் கரைசலை ஊற்றுவதால் பலன் நிற்காது. கடையில் புட்டியில் விற்கும் 'இயற்கை' மருந்துகளை வாங்காதீர்கள். உங்கள் கட்டுத்தரையில் ஆகாத எதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

10. இயற்கை விவசாயம் என்றால் தடுப்பூசி போடக்கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் விதிகளும் அதைத் தடுப்பதில்லை. கோமாரிக்குத் தடுப்பூசி அரசே இலவசமாகப் போடுகிறது. செம்மறிக்குத் துள்ளுமாரித் தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். மழைக்குப் பின் துளிர்க்கும் இளம்புல்லை வயிறு புடைக்கத் தின்னும் கொழுத்த ஆடுகளைத்தான் அந்த நோய் கொண்டுபோகும். மடிவீக்கத்துக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியைக் கழுவிக் கழுவித் தடவும் முறை நல்ல பலன் தருகிறது. தொடக்கத்திலேயே செய்ய வேண்டும்.

குடற்புழு மருந்தை மட்டும் தேதி பார்த்து எல்லாவற்றுக்கும் ஊற்றாதீர்கள். ஐவர்மெக்டின் போன்ற மருந்து சாணியோடு வெளியே வந்து சாணிவண்டுகளை அழிக்கும். மேய்ச்சலில் விழுந்த சாணியை உருட்டி மண்ணுக்குள் இறக்குவது அந்த வண்டுகள்தான். அவை போனால் சாணி வறட்டியாகக் காய்ந்து அடியில் உள்ள புல்லைக் கொல்லும். கால்நடை மருந்தகத்தில் சாணியைச் சோதித்து, தேவைப்பட்ட ஆட்டுக்கு மட்டும் கொடுங்கள். மருந்து கொடுத்ததைச் சில நாள் பட்டியிலேயே நிறுத்துங்கள்.

11. காங்கேயம் மாடே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர்தான் பால். பால் பணத்துக்காகக் கலப்பின மாட்டை இந்த வெயிலில் கட்டினால், இந்தப் புல் மட்டும் அதற்குப் போதாது. தீவன மூட்டை வாங்கியே கடன் ஏறும். காங்கேயம் காய்ந்த புல்லிலும் தட்டிலும் காலம் தள்ளும். வாங்குவதற்கு முன் சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்கு ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய், மயிலை, செவலை, காரி, பிள்ளை என்று நிறமும், கொம்பும் காலும் பார்க்கப் பழகுங்கள்.

12. சான்றிதழ் வேண்டுமென்றால் முதல் நாளே நோட்டுப் போடுங்கள். எந்தத் துண்டில் என்று மாடு நுழைந்தது, என்று வெளியேறியது, எவ்வளவு எரு, என்ன விதை என்று எல்லாம். ஒருபோகப் பயிருக்கு இரண்டு வருடமும் பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருடமும் இயற்கை முறைக்கு மாறும் காலம். கோவையில் தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை இருக்கிறது. உள்ளூரிலேயே விற்கிறவர்களுக்கு ஐந்து விவசாயிகள் சேர்ந்து ஒருவர் காட்டை ஒருவர் சரிபார்க்கும் பங்கேற்பு முறையே போதும், செலவும் குறைவு.

13. வறட்சிக்கு முன்பே முடிவெடுங்கள். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 தைக்கு முன்பே தமிழ்நாடு முழுவதும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கார்த்திகை முடிவிலேயே மந்தையைக் குறைத்தவர்கள் நல்ல விலைக்கு விற்றார்கள். பசுக்களும் புல்லின் தூரும் மிஞ்சின. மாசி வரை காத்திருந்தவர்களிடம் இரண்டும் மிஞ்சவில்லை. கார்த்திகைக் கடைசியில் மழைமானியையும் தட்டுப்போரையும் பாருங்கள். ஆடி வரைக்கும் தீனி தேறாது என்றால், கிழடையும் கிடாக்குட்டியையும் அந்த மாதமே கொடுத்துவிடுங்கள். ஒரு வருடத் தீனிக்குத் தட்டு சேர்ந்த பிறகுதான் எந்தக் காசையும் வேறு செலவுக்கு எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊரிலும் கொறங்காடுகள் மனைகளாகவும் சூரிய மின்சாரப் பண்ணைகளாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. ஒருமுறை ஜேசிபி இறங்கிவிட்டால், தூர் கட்டிய புல்லை அங்கே திரும்பக் கொண்டுவர ஒரு தலைமுறை போதாது. பங்காளியோ பக்கத்துக் காட்டுக்காரரோ விற்கப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டால், கூச்சப்படாமல் போய், மேய்ச்சலுக்குக் குத்தகை கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். வருடா வருடம் கையில் வருகிற குத்தகைப் பணத்துக்காகவே காட்டை வைத்திருக்கிற பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.